விடுகாதழகிய பெருமாளும் அவன் அண்டை அயலாரும்

தர்மபுரிப் பக்கம் அதியமான் என்று சொன்னால் ஒருவர்தான் நினைவுக்கு வருவார்: ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நெடுமான் அஞ்சி. அதியமான்கோட்டையில் அவருக்குக் கோட்டம் எழுப்பியிருக்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் மீசை வரைந்த பையனும் தலையில் பஞ்சு ஒட்டிய பெண்ணும் நெல்லிக்காயைக் கைமாற்றாத ஊர் அந்த மாவட்டத்தில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அஞ்சிக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, அதே தகடூரில், அதே குடிப்பெயரைச் சுமந்துகொண்டு இன்னொருவன் இருந்தான். ராஜராஜ அதிகைமானின் மகன் விடுகாதழகிய பெருமாள். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தவன். அவனுக்குக் கோட்டமும் கிடையாது, மேடை நாடகமும் கிடையாது. பெரிய அரசன் ஒருவனின் பெயருக்குக் கீழே, தன்னைப்போன்ற நாலைந்து பேருக்கு நடுவே, ஒரு வறண்ட நாட்டைக் காப்பாற்றிக்கொண்டு காலம் தள்ளிய சிறிய பிரபு அவன்.

அந்தத் தரத்து ஆள் எப்படி வாழ்ந்தான், எதை நம்பினான், யாருக்குப் பயந்தான் என்று இங்கிலாந்தில் தேடுகிறவருக்கு அதிகக் கவலையில்லை. நார்ஃபோக் பகுதியின் பாஸ்டன் குடும்பத்தார் 15ஆம் நூற்றாண்டில் எழுதிக்கொண்ட கடிதங்களும் பத்திரங்களும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. மகளின் கல்யாணப் பேச்சு, வக்கீல் செலவு, குத்தகைக்காரன் பாக்கி எல்லாம் அவற்றில் வரும். 1448இல் அவர்களுடைய கிரெஷாம் பண்ணையை மோலின்ஸ் பிரபு பறித்துக்கொண்ட சமயத்தில், மார்கரெட் பாஸ்டன் லண்டனிலிருந்த கணவனுக்கு எழுதிய கடிதம் பேர்பெற்றது. வில்பொறியும் போர்க்கோடரியும் வாங்கி அனுப்பும்படி சொல்லும் அதே தாளில் ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்கு உடுப்புத் துணி என்று வீட்டுச் சாமான்களும் வருகின்றன. செஷயரில் ஹம்ஃப்ரி நியூட்டன் (1466–1536) என்ற நிலக்காரர், எந்த வயலுக்கு என்ன உரம் போட்டோம், ஆலைக்கு என்ன செலவு என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டுப்புத்தகமும் இன்றைக்கு இருக்கிறது.

தகடூர்க்காரனுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. ஓலையில் எழுதியிருப்பார்கள், கரையான் தின்றிருக்கும். மிஞ்சியவை கற்கள்: போளூர் அருகே திருமலையில் ஒன்று, செங்கத்தில் ஒன்று, தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் ஒன்று, இன்னும் சில. கல்லில் வெட்டச் சொல்பவன், ஊர் பார்க்கவேண்டும் என்று தான் நினைத்ததை மட்டுமே வெட்டச் சொல்வான். மார்கரெட்டின் பாதாம்பருப்பு கல்லில் ஏறாது. விடுகாதழகியின் உடலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே செய்திகூட அவன் பெயரில் இருப்பதுதான்: தோள்தொட வளர்த்துத் தொங்கவிட்ட காதுகள். ஆனாலும் இந்தக் கற்களைத் தனித்தனியே படிக்காமல் ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் படித்தால், ஒரு வாழ்க்கையின் உருவம் ஓரளவுக்குத் தட்டுப்படுகிறது. அந்த வாழ்க்கை சோழ அரசனைச் சுற்றிச் சுழலவில்லை, பக்கத்து நாட்டுத் தலைவர்களைச் சுற்றிச் சுழன்றது என்பது என் வாதம்.

முதலில் குடியின் பழமையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவனுக்கிருந்த ஒரே பெரிய சொத்து அதுதான். அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்றொரு கூட்டத்தைச் சொல்கிறது. அவர்கள் யார் என்று வெகுகாலம் அடித்துக்கொண்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி என்றே பெயரைச் சொல்லி அந்தச் சண்டையைப் பெருமளவு முடித்துவைத்தது. அந்தக் குடியின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கொண்டாடுகிறது. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் மௌனம். 8ஆம் நூற்றாண்டில் மறுபடியும் ஓர் அதியன் எழுகிறான். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் தகடூர் அதியனைத் துரத்தியடித்ததாகவும், பல்லவனும் சேரனும் அதியனுக்குத் துணைவந்து தோற்றதாகவும் பாண்டியர் செப்பேடு பெருமைப்படுகிறது. நாமக்கல் பாறையைக் குடைந்து அதியேந்திர விஷ்ணுகிரகம் செய்தவர்களும் இந்தக் குலத்தார்தான். அடுத்த நூற்றாண்டில் தகடூரில் நுளம்பர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மகேந்திர நுளம்பன் காலத்தில், 893இல், வணிகர்கள் அங்கே ஒரு சமணப் பள்ளியைக் கட்டிவைத்தார்கள்.

இந்த இடைவெளிகளைத் தாண்டி ஒரே ரத்தம் ஓடி வந்ததா? நிரூபிக்க வழியில்லை, நிரூபிக்க முயல்வதால் பெரிய பயனும் இல்லை. தகடூரைப் பிடித்து உட்கார்ந்த எவனும் அதியன் ஆகிவிடக்கூடிய அளவுக்கு அந்த ஊரும் அந்தப் பெயரும் ஒட்டிக்கிடந்தன. 12ஆம் நூற்றாண்டு அதிகைமான்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

சிற்றரசன் என்றால் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போனதில்லை. நீலகண்ட சாஸ்திரி 1930களில் எழுதிய சோழர் வரலாற்றில், மைய அரசு வலுவாக இருக்கும்வரை இவர்கள் அடங்கியிருந்தார்கள், அது தளர்ந்ததும் துள்ளினார்கள் என்பதே கதை. ஆர்.எஸ். சர்மா 1965இல் இந்தியாவில் நிலப்பிரபுத்துவம் இருந்தது என்று வாதாடினார். நிலம் அரசன் கையிலிருந்து நடுவில் இருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்த கதை அவருடையது. பர்ட்டன் ஸ்டெய்ன் 1980இல் இரண்டையும் புரட்டிப்போட்டார். சோழ அரசு ஒரு சடங்குத் தலைமைதான், உண்மையான ஆட்சி நாடு எனப்பட்ட ஊர்த்தொகுதிகளின் கையில் இருந்தது என்றார். எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளை எண்ணி, பட்டப்பெயர்களையும் நில உரிமைகளையும் வகைப்படுத்தி, ஸ்டெய்ன் சொன்னதில் பாதியை அசைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து தனியார் கையில் நிலம் குவிந்ததையும், நாடாழ்வான், அரையன், ராயன் என்று முடியும் பெயர்க்காரர்கள் பெருகியதையும் அவர்கள் காட்டியது இன்னும் நிற்கிறது. இந்த விவாதம் பெரும்பாலும் காவிரிக் கழிமுகத்து நெல்வயல்களை வைத்தே நடந்தது என்பது என் மனக்குறை. ஏரிக்கு ஏரி பிழைக்கும் தகடூர் நாட்டுக்கு அந்த மாதிரியை அப்படியே போர்த்த முடியாது.

நாட்டின் கிடப்பைப் பார்த்தால் இது விளங்கும். மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி பள்ளத்தாக்கில் விழுந்து ஓடுகிறது, பாசனத்துக்கு ஏறாது. வடக்கும் கிழக்கும் தென்பெண்ணை. நடுவில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மானாவாரிக் காடு, காட்டுக்குள் ஆட்டுக்கிடை, மாட்டுப்பட்டி. இரும்புக்கல் உருக்கிய கசடு அந்த வட்டாரத்தில் பல இடத்தில் கிடக்கிறது. நெல்லை நம்பி ஒரு தலைவன் அங்கே உட்கார முடியாது. அவன் உட்கார்ந்தது வழிமேல். தெற்கே தொப்பூர்க் கணவாய் சேலம் நாட்டுக்கு இறங்குகிறது, கிழக்கே செங்கம் கணவாய் திருவண்ணாமலைச் சமவெளிக்கு இறங்குகிறது, வடமேற்கே ஏறினால் மைசூர் மேட்டுநிலம். இந்த மூன்றையும் முடிச்சுப்போடும் இடம் தகடூர். ஒரு கல்வெட்டுச் சுலோகம் விடுகாதழகியைப் பாலாறு, பெண்ணை, காவிரி ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைவன் என்கிறது. அந்த ஆறுகள் அவனுக்கு நீர் கொடுத்ததைவிட, அவற்றைக் கடந்துபோன வண்டிகளும் மாட்டு மந்தைகளும் கொடுத்ததே அதிகமாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட தலைவனுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? அக்காலக் கல்வெட்டுகளில் திரும்பத்திரும்ப வரும் பாடிகாவல் என்ற வரியில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஊரையும் பயிரையும் மாட்டையும் காக்கிறேன், அதற்கு நீ எனக்குக் கொடு. சோழர் ஆட்சியின் கடைசி நூறாண்டில் இந்த உரிமை பெரும்பாலும் இத்தகைய தலைவர்கள் கையில் இருந்தது. அதைக் கோயிலுக்கு விட்டுக்கொடுத்துப் புண்ணியம் தேடினார்கள், ஒருவருக்கொருவர் அதற்காக அடித்துக்கொண்டார்கள். யாரிடமிருந்து காப்பது என்ற கேள்வியை அக்காலத்துக் குடியானவன் கேட்டிருக்கமாட்டான், அவனுக்கே விடை தெரியும். கடமை, தறியிறை, செக்கிறை, சுங்கம் என்று மற்ற வரிகளும் உண்டு. ஆனால் காவல்காரனாக இருப்பதுதான் சிற்றரசனின் தொழில்.

அந்தத் தொழிலின் ஆபத்து அதியமான் குடிக்கு 1116இலேயே தெரிந்துவிட்டது. ஹொய்சள விஷ்ணுவர்தனனின் தளபதி கங்கராஜன் தலைக்காட்டின்மேல் படையெடுத்தபோது, சோழன் சார்பில் அந்த எல்லையைக் காத்தவன் ஓர் அதியமான். நாட்டை விட்டுவிடு என்று கங்கராஜன் ஆளனுப்பினானாம். சோழன் கொடுத்த நாட்டை நான் தரமாட்டேன், சண்டை போட்டு எடுத்துக்கொள் என்று அதியமான் சொன்னதாக ஹொய்சளர் கல்வெட்டே பதிந்திருக்கிறது. எடுத்துக்கொண்டார்கள். விஷ்ணுவர்தனன் தலைக்காட்டை வென்றவன் என்று பட்டம் சூடிக்கொண்டான். அப்போது முதலாம் குலோத்துங்கன் முதியவன், கங்கைகொண்ட சோழபுரம் வெகுதூரம். எல்லையில் நிற்பவனுக்கு அரசன் கொடுப்பது ஒரு பட்டம், எதிரி கொடுப்பது ஒரு படை என்ற பாடத்தை அந்தக் குடி மறந்திருக்காது என்று நினைக்கிறேன். எதிரியின் கல்வெட்டில் அல்லாமல் அந்த வீரப்பேச்சு வேறெங்கும் இல்லை என்பதும் கவனிக்கவேண்டியது. தோற்றவன் எவ்வளவு திமிராகப் பேசினானோ வென்றவனுக்கு அவ்வளவு புகழ்.

பட்டம் என்றதும் சொல்லவேண்டும். விடுகாதழகியின் தந்தை ராஜராஜ அதிகைமான். அண்டையில் செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லனான விக்கிரமசோழ சம்புவராயன். இன்னொருவன் கரிகாலசோழ ஆடையூர் நாடாழ்வான். எல்லார் பெயரிலும் ஒரு சோழன் ஏறியிருக்கிறான். இங்கிலாந்தில் பிரபுவின் ஆட்கள் அவனுடைய சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டதுபோல, இங்கே அரசனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் குத்திக்கொண்டார்கள். சோழனின் பிடி இறுகியிருந்த ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் அதிகாரிகளின் பெயர்களே அப்படி இருந்தன. பிடி தளர்ந்த காலத்தில் குறுநிலத் தலைவர்களின் பெயர்கள் நீண்டன. விசுவாசம் குறையக் குறைய அதன் விளம்பரம் கூடியது என்று சொன்னால் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் தவறாக இருக்காது.

இனி செங்கம். ரிஷபேசுவரர் கோயிலில் 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட எழுத்து ஒன்று, மேலே சொன்ன மூவரையும், அதாவது சம்புவராயனையும் ஆடையூர் நாடாழ்வானையும் தகடூர் விடுகாதழகியையும், ஓர் உடன்படிக்கையில் கட்டுகிறது. இத்தகைய எழுத்துகளை நிலைமைத் தீட்டு என்றார்கள். உனக்குப் பகைவன் எனக்கும் பகைவன், அவனோடு நான் உறவு வைக்கமாட்டேன், நீ இருக்கும்வரை உன்னோடு நிற்பேன் என்பது இவற்றின் பொதுவான சாரம். தீட்டில் ஆட்சியாண்டு சோழனுடையது, உள்ளடக்கம் இவர்களுடையது. 12ஆம் நூற்றாண்டின் முந்திய ஒப்பந்தங்கள் சிலவற்றில் அரசனுக்குத் தப்பாமல் நடப்போம் என்ற வாசகமும் சேர்ந்தே வரும். காலம் போகப்போக அந்த வாசகம் மெலிகிறது.

சாஸ்திரி போன்றவர்கள் இதைச் சோழ அரசு நோய்ப்பட்டதன் அறிகுறியாகப் படித்தார்கள். அரசனின் பக்கமிருந்து பார்த்தால் அது சரி. தகடூரிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஆறகழூரில் வாணகோவரையர், திருக்கோவிலூர்ப் பக்கம் மலையமான், கூடலில் காடவராயர், பாலாற்றங்கரையில் சம்புவராயர்: இத்தனை பேருக்கு நடுவே பாடிகாவல் வாங்குகிறவனுக்கு, யார் எப்போது எல்லைதாண்டி மாடு ஓட்டுவான் என்பது அன்றாடக் கவலை. குலோத்துங்கன் மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய பெருமை இந்தக் கவலைக்கு மருந்தாகாது. கையெழுத்திட்ட அயலான்தான் மருந்து.

இங்கிலாந்திலும் இதே மருந்தைக் குடித்திருக்கிறார்கள், இரண்டு தலைமுறை முந்தி. ஸ்டீஃபன் அரசன் (1135–1154) காலத்தில் நாடு இரண்டுபட்டுக் கிடந்தபோது, செஸ்டர் பிரபு ரானுல்ஃபும் லெஸ்டர் பிரபு ராபர்ட்டும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். தங்கள் மேலவன் சண்டைக்கு அழைத்தால், ஒருவருக்கு எதிராக மற்றவர் இருபது குதிரைவீரர்களுக்கு மேல் கூட்டிப்போவதில்லை. தாக்குவதாக இருந்தால் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிடவேண்டும். சண்டையை நிறுத்த அவர்களால் முடியாது, ஆகவே அதற்கு அளவு வைத்தார்கள். பின்னால் அரசு வலுத்த பிறகு ஆங்கிலேய ஒப்பந்தங்களின் திசை மாறிவிடுகிறது. 1461க்கும் 1483க்கும் இடையே ஹேஸ்டிங்ஸ் பிரபு தன்னைவிடச் சிறிய தொண்ணூறு பேரளவில் எழுத்தில் கட்டிக்கொண்டார். பெரும்பாலான எழுத்துகளில் காசு பேச்சே இல்லை: நீ எனக்கு உழை, நான் உனக்கு நல்ல தலைவனாக இருப்பேன். அது மேலிருந்து கீழே இறங்கும் கயிறு. செங்கத்துக் கயிறு பக்கவாட்டில் போகிறது. தகடூர்க்காரனை ஆங்கிலேயச் சிறு பிரபுவோடு ஒப்பிடுகிறவர்கள் 15ஆம் நூற்றாண்டை எடுக்கக் கூடாது, 12ஆம் நூற்றாண்டை எடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செங்கம் அவனுடைய பயத்தைக் காட்டுகிறது என்றால் திருமலை அவனுடைய ஆசையைக் காட்டுகிறது. போளூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சமண மலை ஏற்கெனவே பெரிய இடம். குந்தவை பெயரால் ஒரு ஜினாலயம் அங்கே உண்டு. ராஜேந்திர சோழனின் வடநாட்டு வெற்றிகளை வரிசையாகச் சொல்லும் பேர்பெற்ற மெய்க்கீர்த்திக் கல்வெட்டும் அங்கேதான். அந்த மலையில் முற்காலத்து எழினி என்ற முன்னோன் செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் சிதைந்து கிடந்தன. விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் எழுந்தருளச் செய்தான், எறிமணி ஒன்று கொடுத்தான், கடப்பேரிக்குக் கால்வாய் வெட்டிக்கொடுத்தான். வடமொழியிலும் தமிழிலுமாக இதை வெட்டிவைத்தான். 1890இல் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது அச்சாகிவிட்டது. உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டது 1894இல். ஆக அச்சில் புறநானூற்று அஞ்சியைவிட விடுகாதழகி நாலு வருஷம் மூத்தவன். இருந்தும் அஞ்சிதான் வென்றான். அவனைப் பாடியது ஔவை, இவனுக்கு வாய்த்தது கல்தச்சன்.

அந்தக் கல்வெட்டில் கொக்கி ஒன்று இருக்கிறது. முன்னோன் எழினி சேர வம்சத்தவன், வஞ்சிக்குரியவன் என்கிறது. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் வம்சத்தையே தகடூர் அதியமான் தன் வம்சமாகக் கல்லில் எழுதுகிறான். அதியர் சேரரின் கிளைக் குடிதான், ஆகவே இதில் முரண் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1200வாக்கில் சோழன் உயிரோடு தலைக்குமேல் இருக்கிறான், பாண்டியன் அவனோடு மோதிக்கொண்டிருக்கிறான், இந்த இரண்டு வம்சத்தில் எதை உரிமை கொண்டாடினாலும் வம்பு. சேர வம்சம் பழமைக்குப் பழமை, பக்கத்தில் கேள்வி கேட்க ஆளும் இல்லை. பாஸ்டன் குடும்பத்தாரும் இதையே செய்தார்கள். குடும்பத்தின் மூலபுருஷன் கிளெமென்ட் பாஸ்டன் ஏர் பிடித்த சாதாரணக் குடியானவன் என்று எதிரிகள் ஊரெல்லாம் சொன்னபோது, நார்மானியர் காலத்திலிருந்தே தாங்கள் பெருங்குடி என்று பழம்பத்திரங்களைக் காட்டி 1466இல் நான்காம் எட்வர்டிடமே ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். அந்த வம்சாவளி புனைவு என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குச் சந்தேகமில்லை. எழினியின் கதை புனைவு என்று நான் சொல்லவில்லை. பழைய உருவங்கள் அங்கே உண்மையிலேயே இருந்திருக்கவேண்டும். ஆனால் அவற்றைத் தேடிப்போய்ப் புதுப்பிக்கும் தேவை அந்தத் தலைமுறைக்கு ஏன் வந்தது என்பதுதான் கேள்வி.

இடத்தைப் பார்த்தால் விடை கொஞ்சம் கிடைக்கிறது. திருமலை தகடூர் நாட்டில் இல்லை. செங்கம் கணவாயைத் தாண்டி, சம்புவராயரின் பிடிப்புள்ள படைவீட்டுப் பக்கம் இருக்கிறது. உடன்படிக்கை செய்துகொண்ட அயலானின் வட்டாரத்தில் போய், இங்கே என் முப்பாட்டன் தர்மம் செய்திருக்கிறான் என்று ஒருவன் மணி கட்டுகிறான், ஏரிக்குக் கால்வாய் வெட்டுகிறான். நட்பின் மரியாதையும் அதில் உண்டு, நானும் உனக்கு இளைத்தவன் இல்லை என்ற செய்தியும் உண்டு. எந்தக் கல் முந்தியது என்பது எதுவானாலும் இரண்டும் ஒரே ஆளின் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்பது என் ஊகம். இயக்கி சமணத் தெய்வம், கம்பைநல்லூரில் அவன் கல்வெட்டு நிற்பது சிவன் கோயிலில். சமயப் பொறை என்று இதைப் புகழலாம். அக்காலத்துத் தலைவனுக்கு எல்லாக் கோயிலும் பெயர் பொறிக்கும் சுவர் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒருவனுக்குள் சேர்ந்தே இருக்கும்.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் கல் வாயை மூடிக்கொள்கிறது. அக்காலத் தலைவர்களின் மனைவியர் விளக்கெரிக்கப் பொன்னோ ஆடோ கொடுத்த செய்திகள் பல கோயில்களில் உண்டு. அத்தனையும் தானம். கணவன் இல்லாத நேரத்தில் வாசலில் எதிரி நின்றபோது என்ன செய்தாள் என்பதை எழுத ஒரு மார்கரெட் இங்கே கிடைக்கவில்லை. அதியமான்கோட்டையில் இன்று காட்டப்படும் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களும் பிந்திய காலத்தவை, அவற்றிலிருந்து 1200ஆம் ஆண்டு வீட்டை வரைய முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் தகடூர் இங்கிலாந்தைவிடத் தாராளம். ஹம்ஃப்ரி நியூட்டனும் மனைவி எல்லனும் வில்ம்ஸ்லோ தேவாலயத்தில் கல்லுருவாகப் படுத்திருக்கிறார்கள். அங்கே அந்தத் தரத்துப் பிரபு செத்தபிறகு கல்லாவது வழக்கம். அவனுக்காகச் சண்டையில் செத்தவன் குழியில் போவான், பெயர் போய்விடும். தர்மபுரியில் தலைகீழ். விடுகாதழகியின் முகம் நமக்கு வரவில்லை. ஆனால் தொறு என்னும் மாட்டுமந்தையை மீட்கப்போய்ப் பட்டவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், ஊர் அழியும்போது நின்றவன் என்று எத்தனையோ சாதாரணச் சேவகர்கள், கையில் வில்லும் வாளுமாக, ஊர்ப்பெயரோடும் அப்பன் பெயரோடும் நடுகற்களில் நிற்கிறார்கள். பெரும்பாலானவை இவன் காலத்துக்கு முந்தியவை, பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்தவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் செங்கத்திலும் தர்மபுரியிலும் இவற்றைத் திரட்டி அச்சிட்ட பிறகுதான் வட்டாரத்தின் வரலாறு கோயில் சுவரைவிட்டு வயல்வரப்புக்கு இறங்கியது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் அந்தக் கற்களைப் பார்க்கிறவருக்கு ஒன்று புரியும். சிற்றரசர்களின் சண்டை என்று நாம் நாகரிகமாக எழுதுவது முக்கால்வாசி மாட்டுச் சண்டை.

விடுகாதழகிக்குப் பிறகு அவன் குடி சீக்கிரமே கண்ணைவிட்டு மறைகிறது. அவன் அண்டை அயலார் மறையவில்லை. 1231இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். ஹொய்சள நரசிம்மனின் தளபதிகள் வந்து மீட்டதைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. சம்புவராயர்கள் 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டில் தனியரசாகவே உட்கார்ந்து, விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து முறியடிக்கும்வரை ஆண்டார்கள். ஒரே ஒப்பந்தத்தில் இருந்தவர்களில் சம்புவராயன் குடி பெருகியது, அதிகைமான் குடி கரைந்தது. திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சம்புவராயனுக்குப் பின்னால் பாலாற்றுப் படுகையின் ஏரிகளும் நெல்லும் இருந்தன. தகடூருக்குப் பின்னால் ஹொய்சளன் இருந்தான். மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகிற எந்தப் படைக்கும் அந்த ஊர்தான் முதல் படி. வழிச்சுங்கம் கொடுத்த அதே வழி படையையும் கொண்டுவந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹொய்சள ராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியில் வந்து தங்கி ஆண்டபோது, தகடூருக்கு அண்டை அயலான் என்ற நிலையே போய், வீட்டுக்குள்ளேயே எசமானன் வந்துவிட்டான்.

பிறகு வந்தவர்கள் வேறு வகை. விஜயநகரத்தின் கீழ் படைமானியம் வாங்கிய நாயக்கர்கள், 16ஆம் நூற்றாண்டு இறுதியில் பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரத்தைப் பெற்ற ஜெகதேவராயர், தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள். இவர்கள் கையில் துப்பாக்கியும் மலைக்கோட்டையும் இருந்தன, பழைய வம்சக் கதைகள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஹைதரும் திப்புவும் இந்த வகையையும் பெருமளவு ஒடுக்கினார்கள். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியார் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தர்மபுரியில் 1799வரை இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பெயரிலேயே வரி எழுதினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இங்கேதான் ஒத்திகை நடந்தது. பாடிகாவல் வாங்குகிற நடு ஆளுக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே ஒதுக்கவில்லை.